நேரம் நிறுத்தி வைக்கும் ஆணை

பரளச்சிக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. வறள்நில நீர்ப்பங்கீட்டு நெறியகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நெறியகம் கருதவில்லை.

சுகப்பிரியா கருதினாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு முறை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருப்பாள். நெறியகத்தின் அருப்புக்கோட்டை அலுவலகத்தில் அவள் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். காலை பத்திலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை அங்கே வேலை. ஆறரைக்குப் பாளையம்பட்டியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் டிப்ளமா வகுப்பு. சொந்த ஊர் பரளச்சி. அங்கேதான் வம்பு.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதிகாலை ஐந்து மணிக்கு அலுவலகக் கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்கும். பரளச்சி வால்வு திறக்கும். ஐந்தே முக்காலுக்கு மூடும். முன்பெல்லாம் வால்வில் ஒரு இரும்புச் சக்கரம் இருந்தது, ஆள் போய்த் திருகினால் தண்ணீர் வந்தது. மனிதர் திருகுவதில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று போன வருடம் நெறியகம் அதைக் கழற்றிவிட்டது. பிறகு கம்ப்யூட்டரையும் மாற்றியது. புதியதற்குக் 'கரிசல் ஒன்று' என்று பெயர். அதற்குள் இருந்த ப்ராசஸர் முற்றிலும் புது வகை. இணை நெறியாளர் ஜெகதீஸ்வரன் அதற்கு மாலை போட்டார். போட்ட கையோடு, பழைய கம்ப்யூட்டர்கள் பதினொன்றையும் ஏலம் விட்டார். புதியதன்மேல் பழையதன் நிழல்கூட விழக்கூடாது என்பது கொள்கை. காயலான் கடைக்காரர் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் கரிசல் ஒன்றுக்கு எதுவுமே தெரியாது என்பது தெரிந்தது.

அது ஒன்றும் அதன் குற்றமில்லை. வால்வைத் திறக்கும் நிரல் மனிதர் படிக்கிற மாதிரி எழுதப்பட்டது. அதை அந்த ப்ராசஸருக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தர ஒரு கம்பைலர் வேண்டும். கம்பைலரும் ஒரு நிரல்தான். அதை மாற்றித் தரவும் ஒரு கம்பைலர் வேண்டும்.

இதைச் சொல்லத்தான் சுகப்பிரியா இணை நெறியாளர் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

"சார், கம்பைலர இந்த மெஷின்லயே செய்ய முடியாது சார். மொதல்ல வேற மெஷின்ல செஞ்சு, இதுக்குள்ள கொண்டாரணும்."

"ஏம்மா முடியாது?"

"கம்பைலர் செய்யவே கம்பைலர் வேணும் சார்."

ஜெகதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"இருபத்தாறு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். நம்ம அலுவலகத்தின் அடிப்படையை இவ்வளவு சுருக்கமா யாரும் எனக்குச் சொன்னதில்லை. அனுமதி கேட்கவே நாம முன் அனுமதி கேட்கிறோம். அது எங்கே ஆரம்பிச்சதுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாது. நடக்குதில்ல? அந்த மாதிரி இதுவும் நடக்கும்."

"இல்ல சார்." சீட்டில் மூன்றாவது குறிப்பைப் பார்த்தாள். "தறியில பழைய பாவு நூலோட நுனி கொஞ்சம் கெடந்தாத்தான சார் புதுப் பாவ அதுல பிணைக்கலாம். நாம தறியவே வழிச்சுத் தொடச்சு வச்சிருக்கோம்."

"தறி விவகாரம் நம்ம நெறியகத்தில் வராதும்மா" என்றார் ஜெகதீஸ்வரன்.

ஆனாலும் கம்பைலருக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர் வைத்து அவர் ஒரு குழு அமைத்தார். 'முதல் நிரல்பெயர்ப்பி தோற்றம் குறித்த ஆய்வுக் குழு' மூன்று முறை கூடியது. கரிசல் ஒன்றை ஒன்பது நாள் அணைக்காமல் வைத்திருந்து, கம்பைலர் தானாக உருவாகிறதா என்று கவனிப்பது என முடிவானது. கவனிப்பதற்கு முறை வைத்து ஆள் போட்டார்கள். பத்தாம் நாள் குழு, 'உருவாகவில்லை. எனினும் இயந்திரம் சூடாக இருக்கிறது' என்று அறிக்கை கொடுத்தது.

அந்த ஒன்பது நாளில் சுகப்பிரியா யாரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தாள். மாலை வகுப்பில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், கரிசலில் ஓடக்கூடிய ஒரு கம்பைலரைக் கட்டினாள். கரிசல் எண்களைக் கடைசியிலிருந்து முன்னால் படிக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது. அதற்கேற்பத் திருத்த இன்னொரு மாலை. மொத்தம் நான்கு மாலை. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் எங்கேயோ தப்பிருக்கும் என்று ஐந்தாவது மாலையும் உட்கார்ந்து சரிபார்த்தாள். பிறகு பென் டிரைவில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள்.

தபால் பிரிவு சீனிச்சாமி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வெளிப் பொருளா?"

"ஆமாண்ணே."

"அப்ப இன்வேர்டு போட்டுத்தான் உள்ள விடணும். மத்தியானம் வா."

மத்தியானம் போனபோது பென் டிரைவின் துளையில் நூல் கோத்துக் கோப்போடு கட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் செருகும் முனை முழுவதும் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தியிருந்தது.

"அண்ணே, இதத்தான உள்ள சொருகணும்!"

"அதுக்குத்தானத்தா மூடுனேன். அதுவழியாத்தான எதுவும் உள்ள போவும்? தெறந்து கெடந்துச்சுன்னா ஆடிட்டுல என்னையத் தொங்க விட்டுருவாக."

அன்று மாலை வகுப்பில் அவள் பாடம் கவனிக்கவில்லை. மேஜைக்குக் கீழே தையல் ஊசியால் அரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கரிசலில் கம்பைலர் ஓடியது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுகப்பிரியாவுக்கு எதையும் முறைப்படி செய்யாவிட்டால் தூக்கம் வராது. வகுப்பு நோட்டில் இருந்த ஒரு சோதனையைக் குறிப்பாக எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தாள். வெளியே கட்டிய கம்பைலர் முதல் தலைமுறை. அது கரிசலில் தன்னைத்தானே மறுபடி கட்ட வேண்டும். அது இரண்டாம் தலைமுறை. இரண்டாவது இன்னொரு முறை கட்டினால் மூன்றாவது. இரண்டும் மூன்றும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருந்தால் கம்பைலரை நம்பலாம். இந்தக் குறிப்பு மூன்றே நாளில் சுற்றறிக்கை ஆகிவிட்டது. இரண்டும் மூன்றும் ஒத்துப்போனதாகச் சான்று இல்லாமல் எந்த வால்வையும் திறக்கக்கூடாது என்று அதில் கண்டிருந்தது. அந்தக் குறிப்பை எழுதியதற்காக அவள் பிறகு பலமுறை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் இரண்டும் மூன்றும் ஒத்துப்போகவில்லை.

திங்கள் ஒத்துப்போகவில்லை. செவ்வாய் ஒத்துப்போகவில்லை. தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே சந்தேகப்பட்டாள். நகத்தைக் கடித்து இனிக் கடிக்க நகமில்லை என்றானபோது பரளச்சியிலிருந்து சித்தி மாரிக்கனி போன் செய்தாள்.

"ஏத்தா, தண்ணி என்னாச்சு?"

"வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துரும் சித்தி."

"எந்த வெள்ளிக்கெழம? நீ சொன்னேன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிட்டேன். போன வெள்ளிக்கே மூணு வீட்டுக்காரி எங்கூடப் பேசுறதில்ல. போர்த் தண்ணியில சோறாக்குனா ஒரே உப்பு. உங்க சித்தப்பா தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிக்காரு. மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருது. ஒனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரு, நாங்க வேற ஆளப் பாத்துக்கிருவோம்."

போனை வைத்துவிட்டு சுகப்பிரியா இரண்டு கோப்புகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட ஆரம்பித்தாள். நான்கு மணி நேரம் ஆனது. பத்தொன்பது இடங்களில் வித்தியாசம் இருந்தது. பத்தொன்பதும் ஒரே வித்தியாசம். அது கம்பைலரில் இல்லை. ஜெகதீஸ்வரனிடம் இருந்தது.

நெறியகத்தில் உருவாகும் எந்தக் கோப்பிலும் இணை நெறியாளரின் பெயர், பதவி, பட்டங்கள், ஒப்புதல் அளித்த மணி, நிமிடம், நொடி எல்லாம் தானாகப் பதிய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. முத்திரை என்று அதற்குப் பெயர். இரண்டாம் தலைமுறைக்குள் பதினொன்று ஐந்து என்று பதிந்திருந்தது. மூன்றாம் தலைமுறைக்குள் பதினொன்று பத்தொன்பது. நேரம் என்று ஒன்று இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகப் போவதில்லை.

மறுநாள் காலை அவள் ஓட்டமும் நடையுமாக அவர் அறைக்குப் போனாள். "கண்டுபிடிச்சிட்டேன் சார்! முத்திரைய எடுத்துட்டுப் பாத்தா ரெண்டும் ஒன்னுதான் சார்."

"முத்திரைய எடுத்துட்டா?"

"ஆமா சார். ஒரே ஒரு வரிதான். எடுத்துட்டா இந்த வியாழக்கெழமையே தண்ணி விடலாம்."

"ஏம்மா" என்றார் ஜெகதீஸ்வரன். குரலில் கோபமில்லை, பெரிய வருத்தம் இருந்தது. "என் ஒப்புதலை எடுத்துட்டு ஒரு கோப்பைப் பார்த்தா அதில் என்னம்மா இருக்கும்? நான் எத்தனையோ கோப்பு பார்த்திருக்கேன். மேலே என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளும் படிச்சதில்லை. கீழே கையெழுத்து இருக்கான்னு பார்ப்பேன். அதுதான் கோப்பு. மிச்சமெல்லாம் காகிதம்."

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப பிரச்சினை முத்திரையில் இல்லை. நேரம் மாறுறதுலதான் இருக்கு. அப்படித்தான?"

"அது வந்து... அப்படியும் சொல்லலாம் சார்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆணை அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

'மேற்படி ஒப்பீடு நிறைவுறும் பொருட்டு, நெறியகத்தின் நேரம் முற்பகல் 11.05 என நிறுத்தி வைக்கப்படுகிறது. இக்காலத்தில் பணியாளர்கள் வழக்கம்போல் பணிபுரிவர்.'

சீனிச்சாமி ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். முள்ளைப் பதினொன்று ஐந்தில் வைத்தார். பேட்டரியைப் பொட்டலம் கட்டிச் சரக்குப் பதிவேட்டில் ஏற்றினார். கம்ப்யூட்டரிலும் நேரம் நின்றது. பதினோரு மணி டீ அப்போதுதான் முடிந்திருந்ததால் அன்று மறுபடி டீ வரவில்லை. ஒரு மணி ஆகாததால் சாப்பாட்டு இடைவேளையும் வரவில்லை. எல்லோரும் இழுவறையைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டார்கள். மாலையில், 'அலுவலக நேரத்தில் வெளியே செல்ல அனுமதி' கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாம் தலைமுறை பதினொன்று ஐந்துக்கு உருவானது. மூன்றாம் தலைமுறையும் பதினொன்று ஐந்துக்கு உருவானது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ஜெகதீஸ்வரன் சான்றிதழில் கையெழுத்திட்டார்: '11.05 மணி நிலவரப்படி சரியானது.' நேரத்தை மறுபடி ஓடவிட்டால் சான்று காலாவதி ஆகிவிடும் என்று தணிக்கைப் பிரிவு சொன்னது. ஆணை மறு உத்தரவு வரை நீட்டிக்கப்பட்டது.

வியாழக்கிழமை பரளச்சியில் ஊரே நாலரை மணிக்கு எழுந்து குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்தது. கம்பைலர் சரி. வால்வு நிரல் சரி. ஆனால் வால்வு ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். நெறியகத்தில் மணி பதினொன்று ஐந்து. ஐந்து மணி வரவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, முதல் பஸ்ஸிலேயே மாரிக்கனியும் இருபது பெண்களும் காலிக் குடங்களோடு அருப்புக்கோட்டை வந்து இறங்கினார்கள். குடங்களை அலுவலகப் படிகளில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். சுகப்பிரியா கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஜெகதீஸ்வரன் எழுந்து நின்று பேசினார். "தாய்மார்களே! தண்ணீர் தாமதம் என்று வந்திருக்கிறீர்கள். தாமதம் என்றால் என்ன? வர வேண்டிய நேரம் கடந்த பிறகும் வராதது. நெறியகத்தில் நேரம் எதுவும் கடக்கவில்லை. ஆணை பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு நொடிகூடத் தாமதம் செய்யாத ஒரே அலுவலகம் இதுதான். இந்தப் பெருமையில் உங்களுக்கும் பங்கு உண்டு."

"பெருமையக் குடத்துல பிடிக்க முடியாதுங்க" என்றாள் மாரிக்கனி. "ஏன் தண்ணி வரல? அதச் சொல்லுங்க."

"வால்வு வியாழக்கிழமை அதிகாலை ஐந்துக்குத்தான் திறக்கும். இங்கே மணி இன்னும் பதினொன்று ஐந்து."

"யாரு நிப்பாட்டுனது?"

"நான்தான்."

"நிப்பாட்டுறதுதான் நிப்பாட்டுனீக. அத வியாழக்கெழம விடியக்காலம் அஞ்சு மணியில நிப்பாட்டிருக்கலாம்ல?"

ஜெகதீஸ்வரன் மாரிக்கனியை, பதவி உயர்வில் வந்த மேலதிகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார்" என்று திரைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள் சுகப்பிரியா. "அப்படி நிறுத்துனா மூடுற நேரம்..."

"இவங்க கேட்கிறது திறக்கிறதைத்தானம்மா? மூடச் சொல்லி யாராவது மனு கொடுத்திருக்காங்களா?"

யாரும் கொடுத்திருக்கவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாக யோசிக்கிறேனோ என்று உட்கார்ந்துவிட்டாள். 'முற்பகல் 11.05 என்பதை வியாழக்கிழமை அதிகாலை 5.00 எனத் திருத்தி வாசிக்கவும்' என்று திருத்த ஆணை வெளியானது. இரண்டு தலைமுறைகளையும் அதிகாலை ஐந்துக்கு மறுபடி கட்டிப் புதுச் சான்றும் கொடுத்தார்கள். சீனிச்சாமி முள்ளை ஐந்துக்குத் திருப்பி வைத்தார். கரிசல் ஒன்றில் வால்வு நிரலை ஓடவிட்டார்கள். அந்தக் கணமே பரளச்சியில் குழாய்கள் சீறின.

பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த மாரிக்கனிக்கு வழியிலேயே செய்தி போய்விட்டது. "நல்லாருப்பத்தா! தண்ணி வந்துருச்சாம்!" என்று கத்தினாள், பின்னால் இருபது பேர் குலவையிட்டது போனில் கேட்டது. சுகப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. ஐந்தே முக்கால் எப்போது வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டாள். மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் வரவில்லை.

மூன்று மணிக்கு மாரிக்கனி மறுபடி அழைத்தாள்.

"ஏத்தா, குடம், அண்டா, சட்டி எல்லாம் ரொம்பிருச்சு. துணி தொவச்சாச்சு. மாட்டக் குளுப்பாட்டியாச்சு. தெருவுல ஓடுது. நிப்பாட்டச் சொல்லு."

"பாக்கேன் சித்தி."

"பாக்கேனா? பெரிய தொட்டியில மட்டம் பாதிக்குக் கீழ போயிருச்சாம், அங்க காவலுக்கு இருக்குற ஆளு சொன்னாரு. ஒம்பது ஊருக்குமான தண்ணியாம்ல அது! நாளைக்கு மத்த ஊர்க்காரவுக வந்து எங்களத்தானடி கேப்பாக!"

சுகப்பிரியா ஓடினாள். ஜெகதீஸ்வரன் யாருக்கோ நேரம் நிறுத்தும் ஆணை பற்றிப் போனில் விளக்கிக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அங்க இப்ப மணி என்ன?"

"நம்ம நேரப்படி அஞ்சு சார்."

"அஞ்சுக்குத் தண்ணி வருதில்ல?"

"வருது சார்."

"அப்புறம் என்னம்மா? சரியா வேலை செய்யுது. வேற ஏதும்னா மனு கொடுக்கச் சொல்லுங்க."

மனுவைத் தானே எழுதித் தபால் பிரிவுக்கு ஓடினாள். சீனிச்சாமி கையை நீட்டவில்லை. "மணி விடியக்காலம் அஞ்சுத்தா. ஆபீஸ் தெறக்கவே இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. இப்ப எப்பிடி வாங்குறது?"

அவள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். தற்காலிக உதவியாளர் ஆணைக்கு மாறாக ஓர் எழுத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நியமனக் கடிதத்தில் ஏழாவது பத்தி, மனப்பாடம். தொட்டியில் பாதிக்குக் கீழே என்றால் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக, மறுபடி கூட்டிப் பார்க்க நேரமில்லாத ஒரு கணக்கு.

முத்திரை போடும் அந்த ஒரு வரியை அழித்தாள். இரண்டாம் தலைமுறையைக் கட்டினாள். மூன்றாம் தலைமுறையைக் கட்டினாள். ஒப்பிட்டாள். ஒன்றாக இருந்தன. யார் பெயரும் இல்லாமல், எந்த மணியும் இல்லாமல், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. அந்தக் கம்பைலரில் வால்வு நிரலைக் கட்டி, அதற்கு மட்டும் உண்மையான நேரத்தைக் கொடுத்தாள். அவசரத்தில் மாதத்தைத் தப்பாக அடித்து, திருத்தினாள். மூன்று நாற்பதுக்குப் பரளச்சி வால்வு மூடிக்கொண்டது.

"நின்னுருச்சுத்தா" என்றாள் மாரிக்கனி. "யாரு ஆர்டர் போட்டாக?"

"தெரியல சித்தி" என்றாள் சுகப்பிரியா.

அந்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வால்வு திறந்தது. ஐந்தே முக்காலுக்கு மூடியது. ஒன்பது ஊருக்கும் முறை வைத்துத் தண்ணீர் போனது. நேரம் நிறுத்தும் ஆணையின் வெற்றி பற்றி ஜெகதீஸ்வரன் விருதுநகரில் ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினார். திரும்பி வந்ததும் சுகப்பிரியாவுக்கு ஒரு மெமோ வந்தது. ஒப்புதல் முத்திரை இல்லாமல் தண்ணீர் விட்டதற்காகவும், நெறியகத்தில் நிலவாத ஒரு நேரத்தைத் தன்னிச்சையாகப் பயன்படுத்தியதற்காகவும் ஏன் பணியிலிருந்து விடுவிக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் எட்டாம் நாள் முதல் வேலை கிடையாது.

அவள் ஒரே இரவில் நான்கு பக்கம் எழுதினாள். முதலில் நடந்தது, அடுத்து நடந்தது என்று எண் போட்டு எழுதினாள். தன் பக்கத்துத் தவறுகளுக்கு மட்டும் தனியாக ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினாள். மறுநாள் காலை சீனிச்சாமியிடம் நீட்டினாள். அவர் வழக்கம்போல் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"வாங்கிக்கிருங்கண்ணே. ஏழு நாள்தான் டயம் குடுத்திருக்காக. என்னைக்கு முடியுதுன்னாச்சும் சொல்லுங்க."

சீனிச்சாமி, இன்னும் அதிகாலை ஐந்திலேயே நின்ற சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெமோவை வாங்கித் தேதியைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு நாளா?" என்றார். "மொதல்ல விடியட்டும்த்தா."